பேயைக் கண்டால் பின்வாங்கும் நாய்!

பாழடைந்த கோட்டையின் நிலவறை. கையில் தீப்பந்தத்தோடு நான்கு பேர் படியிறங்குகிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு வேட்டை நாய். முந்தின நாள்தான் அது பத்தடி உயர அரக்கன் ஒருவன் மீது பாய்ந்து, கெண்டைக்காலைக் கவ்வியபடி விடாமல் தொங்கியது. அப்பேர்ப்பட்ட நாய் இப்போது கடைசிப் படியில் நின்றுவிட்டது. காதுகள் பின்னால் மடங்கிவிட்டன. வால் கால்களுக்கு நடுவே போய்விட்டது.

எதிரே வருவது ஒன்றும் பெரிய ஆள் இல்லை. தள்ளாடித் தள்ளாடி நடந்து வரும் ஒற்றைப் பிணம்.

“பிடி அதை!” என்கிறாள் நாயின் எஜமானி. நாய் நகரவில்லை.

“உயிரில்லாததன் மேல் பாய அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாயா?” என்று கேட்கிறார், மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவர்.

ஆமாம், மேசைதான். கோட்டையும் கிடையாது, பிணமும் கிடையாது. சிப்ஸ் பாக்கெட், பென்சில், நாலைந்து தாள், கலர் கலரான பகடைகள் எல்லாம் இறைந்து கிடக்கும் சாப்பாட்டு மேசை. அந்த நாயும் ஒரு தாளில் பென்சிலால் எழுதப்பட்ட நாய்தான். ஆனாலும் எஜமானியின் முகம் வாடிவிட்டது.

நிஜ நாய், பூனை, கிளிகளைப் பற்றியே பேசும் இந்தப் பகுதியில், இந்த வாரம் காகிதத்தில் வாழும் செல்லங்களைக் கொஞ்சம் பார்க்கலாம். நிஜச் செல்லங்களைப் பற்றிய ஒரு பெரிய கேள்வி அங்கேயும் இருக்கிறது. ‘நம்மை நம்பி வந்த பிராணியை எதுவரை ஏவலாம்?’ என்பதுதான் அது.

பலகை இல்லாத விளையாட்டு

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடர் பார்த்தவர்களுக்கு இந்த விளையாட்டு புதிதல்ல. முதல் அத்தியாயத்திலேயே நான்கு சிறுவர்கள் வீட்டின் நிலவறையில் உட்கார்ந்து பகடை உருட்டிக் கத்துவார்களே, அதுதான் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கி, 1974-ல் வெளியிட்டார்கள். மேசையில் உட்கார்ந்து கதாபாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் இதுதான் தாய்.

ஆடும் விதம் எளிது. ஒருவர் கதையை நடத்துவார். அவருக்கு ‘டன்ஜன் மாஸ்டர்’ என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தர் வாள்வீரர், ஒருத்தர் மந்திரவாதி, ஒருத்தர் ‘ரேஞ்சர்’ என்கிற காட்டு வேட்டைக்காரர். “நான் கதவைத் திறக்கிறேன்” என்று வாயால் சொன்னால் போதும். அது நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்ட வேண்டும். நம் தாயக்கட்டைக்கு நான்கு முகம். இங்கே அதிகம் உருளும் பகடைக்கு இருபது முகம். குறிப்பிட்ட எண்ணைத் தொட்டால் வெற்றி, தொடாவிட்டால் தோல்வி.

இதில் ரேஞ்சருக்கும், ‘ட்ரூயிட்’ எனப்படும் வனப் பூசாரிக்கும் ஒரு தனிச்சலுகை உண்டு. கூடவே வரும் ஒரு விலங்குத் துணை. நாய், ஓநாய், பருந்து, கரடி... எது பிடிக்கிறதோ அது. விளையாட்டில் இருக்கிற அத்தனை ஆயுதங்களையும்விட ஆடுகிறவர்கள் அதிகம் பாசம் வைப்பது இந்தத் துணை மேல்தான்.

கோவேறு கழுதையில் தொடங்கிய கதை

ஆரம்ப காலத்தில் பாசத்துக்கெல்லாம் இடமில்லை. கயிறு, விளக்கெண்ணெய், பத்தடிக் கம்பு என்று கடைச் சாமான் பட்டியல் வருமே, அதே பட்டியலில்தான் கோவேறு கழுதையும் குதிரையும் இருந்தன. காசு கொடுத்து வாங்கி, மூட்டையை ஏற்றி, நிலவறைக்குள் ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். கழுதைக்குப் பெயர்கூட யாரும் வைப்பதில்லை.

ஆனால், அந்தக் கழுதைக்கும் ஒரு மரியாதையை விதிப்புத்தகம் தந்திருந்தது. பயப்படும் உரிமைதான் அது!

இந்த விளையாட்டுக்கு முன்னோடி, பொம்மைப் படைவீரர்களை வைத்து ஆடும் போர் விளையாட்டுகள். கைகாக்ஸ், ஜெஃப் பெரன் என்பவரோடு சேர்ந்து எழுதிய ‘செயின்மெயில்’ (1971) அந்த ரகம். போர் விளையாட்டுகளில் ‘மொரேல்’ என்று ஒரு கணக்கு உண்டு. அதாவது மனத்திடம். பக்கத்தில் நிற்பவன் விழுந்தால் படைவீரன் நிற்பானா, ஓடுவானா என்பதைப் பகடையே சொல்லிவிடும்.

1981-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பதிப்பில் ஒவ்வொரு பிராணிக்கும் இப்படி ஒரு மனத்திட எண் இருந்தது. 2 முதல் 12 வரை. தன் பக்கத்தில் முதல் உயிர் போகும்போதும், பாதிப் பேர் விழும்போதும் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டிப் பார்ப்பார்கள். விழுந்த எண் மனத்திட எண்ணைத் தாண்டிவிட்டால் அந்தப் பிராணி பின்வாங்கிவிடும். 12 என்றால் சாகும்வரை சண்டை.

அந்தப் புத்தகத்தில் சவாரிக் குதிரைக்கு மனத்திடம் 7, போர்க்குதிரைக்கு 9. இரண்டுதானே வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு பகடை விழக்கூடிய 36 விதங்களில் சவாரிக் குதிரை 15 விதத்தில் ஓடிவிடும். போர்க்குதிரை 6 விதத்தில்தான் ஓடும். மூட்டை சுமக்கும் கோவேறு கழுதைக்கு 8. சவாரிக் குதிரையைவிடக் கழுதை தைரியசாலி! கழுதையை மேய்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

பதினைந்தில் நான்கு

விலங்கின் பயத்தை ரொம்ப நுணுக்கமாக யோசித்து எழுதியது, 2003-ல் வந்த மூன்றரையாம் பதிப்பு. ஆம், மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே ‘மூன்றரை’ என்றே அதற்குப் பெயர்.

அதில் விலங்குகளைப் பழக்க ‘வித்தைகள்’ உண்டு. வா, இரு, எடுத்து வா, தேடு, மோப்பம் பிடி, காவல் இரு, தாக்கு என்று மொத்தம் பன்னிரண்டு. ஒரு வித்தையைச் சொல்லிக்கொடுக்க ஒரு வாரம் ஆகும். நாயின் மண்டையில் அதிகபட்சம் ஆறு வித்தைகள்தான் ஏறும்.

இதில்தான் சூட்சுமம். ‘தாக்கு’ வித்தை படித்த நாய் எல்லாவற்றையும் தாக்கிவிடாது. அந்தப் பதிப்பில் உயிரினங்களும் பூதங்களுமாக மொத்தம் பதினைந்து வகை. அதில் மனித இனத்தார், மனித உருவம் கொண்ட விநோதப் பிறவிகள், ராட்சதர்கள், மற்ற விலங்குகள் ஆகிய நான்கு வகையைத்தான் சாதாரண ‘தாக்கு’ தொடும். மிச்சப் பதினொன்றையும் தாக்க வேண்டுமென்றால் அதே வித்தையை இரண்டாவது முறை தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆறு இடத்தில் இரண்டு இடம் அதற்கே போய்விடும்.

நிலவறை வாசலில் நடந்தது இதுதான். முந்தின நாள் வந்தவன் ‘ஓகர்’, ராட்சத வகை. பத்தடி உயரம் என்றாலும் அவனுக்கு வியர்வை நாற்றம் உண்டு, மூச்சு உண்டு, ரத்தம் உண்டு. நாய்க்கு அது புரிகிறது. இன்று வந்தது ‘ஸோம்பி’. நடக்கிறது, ஆனால் மூச்சு விடவில்லை. பிண வாடை அடிக்கிறது, ஆனால் கையை நீட்டுகிறது. நாயின் உலகத்தில் இப்படி ஒன்று இருக்கவே முடியாது. நாயைத் தடுப்பது எதிரியின் பலமல்ல, அதன் அந்நியத் தன்மை.

குதிரைக்கும் இதே கதைதான். போருக்குப் பழகாத குதிரையில் உட்கார்ந்து சண்டைக்குள் போனால், அதே பதிப்பில் ஒவ்வொரு சுற்றிலும் இருபது முகப் பகடையை உருட்டி, சவாரித் திறமையையும் கூட்டி 20 எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சுற்றில் குதிரையை அடக்குவதே வேலையாகிவிடும்.

விளையாட்டுக்காக இட்டுக்கட்டிய விஷயம் இல்லை இது. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு போரைப் பற்றி எழுதியிருக்கிறார். லிடியா நாட்டு மன்னன் குரோசஸின் குதிரைப்படை பேர்போனது. பாரசீக மன்னன் சைரஸ், மூட்டை சுமந்து வந்த ஒட்டகங்களை முன்வரிசையில் நிறுத்தினான். ஒட்டகத்தைப் பார்த்ததும், அதன் வாடை பட்டதும் லிடியக் குதிரைகள் திரும்பி ஓடிவிட்டன என்கிறார் ஹெரோடோட்டஸ். ஈட்டிக்குப் பயப்படாத குதிரைகள், பழகாத வாடைக்குப் பயந்தன!

முப்பதடி எல்லை

‘நாய்க்குப் பேய் தெரியும்’ என்ற நம்பிக்கை நம்மூரிலும் உண்டு. ராத்திரி நாய் ஊளையிட்டால் ஜன்னலைச் சாத்தும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. அந்த விளையாட்டை எழுதியவர்களும் கிட்டத்தட்ட அதையே விதியாக்கியிருக்கிறார்கள்.

‘ரெய்த்’, ‘ஸ்பெக்டர்’ என்று இரண்டு ஆவிகள். மூன்றரையாம் பதிப்பின்படி, இவற்றைச் சுற்றி முப்பதடி தூரத்துக்கு ஓர் அமானுஷ்யப் படலம் இருக்கும். காட்டு விலங்கோ வீட்டு விலங்கோ, அந்த எல்லைக்குள் தானாகக் கால் வைக்காது. இழுத்துக்கொண்டு போனால் வெறி பிடித்ததுபோல் மிரளும். எல்லையைவிட்டு வெளியே வரும்வரை தெளியாது.

சுவாரஸ்யமான இன்னொரு கணக்கும் இருக்கிறது. மோப்ப சக்தி உள்ள விலங்குகள், கண்ணுக்குத் தெரியாத எதிரியையும் சாதாரணமாக முப்பதடியில் கண்டுபிடித்துவிடும் என்கிறது அதே புத்தகம். காற்று எதிரி பக்கமிருந்து அடித்தால் அறுபதடி, எதிர்ப்பக்கம் அடித்தால் பதினைந்தடி.

அப்படியானால், நாயின் பயத்தை ‘அது உதவவில்லை’ என்று எடுத்துக்கொள்வதா, ‘அது தகவல் சொல்கிறது’ என்று எடுத்துக்கொள்வதா? கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று மந்திரவாதிக்குத் தெரியாது, வாள்வீரருக்குத் தெரியாது. நாய் உறுமினால் அங்கே இருப்பது சதையும் ரத்தமும் உள்ள ஒன்று. நாய் சத்தமே போடாமல் பின்னால் நகர்ந்தால், கதவைத் திறக்கும் முன் இன்னொரு முறை யோசிப்பது நல்லது. அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் கதவைப் பார்ப்பதற்கு முன் தங்கள் நாயைப் பார்ப்பார்கள்.

உள்ளே ஒன்று வைத்துப் பழகினால்...

பழைய பதிப்புகளில் ‘விலங்கு நட்பு’ என்று ஒரு மந்திரம் இருந்தது. காட்டு விலங்கைத் தோழனாக்கிக்கொள்ளும் மந்திரம். 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். மந்திரம் போடுகிறவர் உண்மையிலேயே அந்த விலங்கின் நண்பனாக விரும்ப வேண்டும். மனசுக்குள் வேறு கணக்கு இருந்தால் விலங்கு அதைக் கட்டாயம் உணர்ந்துவிடும்.

வேறு கணக்கு என்றால் என்ன? உதாரணத்தையும் அந்தப் புத்தகமே தருகிறது. ஒன்று, பசிக்கு அடித்துத் தின்னும் எண்ணம். இன்னொன்று, பொறி இருக்கிறதா என்று பார்க்க விலங்கை முன்னால் அனுப்பும் எண்ணம்!

இந்த இரண்டாவது உதாரணம் சும்மா வரவில்லை. நிலவறையில் எங்கே குழி இருக்கும், எங்கே அம்பு பாயும் என்று தெரியாது. ஆட்டக்காரர்களுக்கு ஒரு ‘புத்திசாலி’ யோசனை உடனே வரும். “நாயை முன்னால அனுப்பு. செத்தா வேற வாங்கிக்கலாம்.” கணக்குப்படி பார்த்தால் தப்பே இல்லை. நாயின் விலை கொஞ்சம், வீரனின் உயிர் பெரிது. ஆனால், நண்பன் என்று சொல்லிக் கூட்டி வந்தாயே என்று அந்த விதி கேட்கிறது.

24 மணி நேரம், 8 மணி நேரம், 1 நிமிடம்

துணை விலங்கு செத்துப்போனால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு வெவ்வேறு காலத்தில் வந்த பதில்களை வரிசையாக வைத்தால் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது.

2003-ல், துணையை இழந்தவர் 24 மணி நேரம் இடைவிடாமல் பிரார்த்தனை செய்தால் புதுத்துணை கிடைக்கும். ஒரு முழுநாள் துக்கம்.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில், பகை இல்லாத வேறொரு விலங்கோடு 8 மணி நேரம் செலவிட்டால் போதும். ஒரு ராத்திரித் தூக்கத்தின் அளவு.

2020-ல் வந்த ‘டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்’ புத்தகத்தில் செத்துப்போன அதே விலங்கே திரும்பி வரும். இறந்து ஒரு மணி நேரத்துக்குள் ரேஞ்சர் அதைத் தொட்டு, கையிருப்பில் உள்ள மந்திர சக்தியில் கொஞ்சம் செலவழித்தால் சரி. 1 நிமிடத்தில், முழு பலத்தோடு எழுந்துவிடும்.

துக்கத்தின் நேரம் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. இதைக் குறையாக மட்டும் சொல்லிவிட முடியாது. 2014 கணக்குப்படி, மூன்றாம் நிலையில் இருக்கும் ரேஞ்சரின் ஓநாய்க்கு உயிர்ப்புள்ளிகள் 12. ஓகர் தன் பெரிய தடியால் ஒரு போடு போட்டால் சராசரியாக 13 புள்ளி போய்விடும். அதாவது ஒரே அடி! வாராவாரம் ஒரு ஓநாயைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தால் விளையாட்டில் சந்தோஷம் ஏது? பெயர் வைத்து வளர்த்த விலங்கு போனதும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அழும் குழந்தைகள் உண்டு. பெரியவர்களும் உண்டு. அவர்களை நினைத்துப் பார்த்தால் அந்த 1 நிமிட விதி இரக்கத்தில் எழுதப்பட்டதாகத்தான் தெரியும்.

2015-ல் இருந்து நேரலையாக ஒளிபரப்பாகிப் பிரபலமான ‘கிரிட்டிகல் ரோல்’ நிகழ்ச்சியிலும் இதே சிக்கல் வந்தது. நடிகை லாரா பெய்லி ஆடிய வெக்ஸ் என்ற ரேஞ்சருக்கு ‘டிரிங்கெட்’ என்று ஒரு கரடித் துணை. கதை வளர வளர, எதிரிகள் பெரிய பெரிய டிராகன்களாக வரத் தொடங்கினார்கள். கரடி தாக்குப்பிடிக்காது என்ற நிலை. கதையை நடத்திய மேத்யூ மெர்சர் ஒரு வழி செய்தார். கரடியைப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொள்ள ஒரு மாயக் கழுத்தணியைக் கதையில் கிடைக்கச் செய்தார். ஆபத்து வந்தால் கரடி அதற்குள் போய்விடும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையைச் சாலையின் இந்தப் பக்கமே நிறுத்திவைக்கும் தாயின் தந்திரம் மாதிரிதான்.

ஆனால், இரக்கத்துக்கும் அலட்சியத்துக்கும் நடுவே உள்ள கோடு மெல்லியது. ‘எப்படியும் 1 நிமிடத்தில் வந்துவிடும்’ என்று தெரிந்துவிட்டால், நாயைப் பொறிமேல் அனுப்பக் கை கூசுமா? சாவு மலிவாகும்போது பாசமும் கூடவே மலிந்துவிடக்கூடும்.

சொன்னால்தான் அசையும்

புதிய பதிப்புகளில் இன்னொரு மாற்றம், கீழ்ப்படிதல். 2014 ஐந்தாம் பதிப்பில் துணை விலங்கு பயந்து மறுக்காது. ஆனால், தானாக ஒன்றும் செய்யவும் செய்யாது. ரேஞ்சர் தன் முறையை விட்டுக்கொடுத்துக் கட்டளையிட்டால்தான் அது தாக்கும். ‘நான் வில்லை எடுப்பதா, ஓநாயை ஏவுவதா?’ என்று ஒவ்வொரு சுற்றிலும் தவிப்பு. ஓநாயோ, எதிரே பூதம் நிற்க, ரிமோட்டுக்குக் காத்திருக்கும் டி.வி. போல நின்றுகொண்டிருக்கும். பலருக்கு இது பிடிக்கவில்லை. 2020 புத்தகம் கட்டளைக்கான விலையைக் குறைத்தது. ரேஞ்சர் தன் வேலையைச் செய்துகொண்டே, கூடுதலாகக் கிடைக்கும் சின்ன வாய்ப்பில் விலங்கை ஏவலாம். கட்டளை வராவிட்டால் விலங்கு தன்னைத் தற்காத்துக்கொண்டு நிற்கும்.

2019-ல் வந்த ‘பாத்ஃபைண்டர்’ இரண்டாம் பதிப்பு வேறு விளையாட்டு என்றாலும், இந்த விஷயத்தில் பங்காளி. அதில் கட்டளை கிடைக்காத துணை, தன்னைக் காத்துக்கொள்ளவோ கண்ணெதிரே தெரியும் ஆபத்திலிருந்து தப்பவோ மட்டும் அசையும். ரொம்ப நேரம் கவனிக்காமல் விட்டால், தன் இயல்புப்படி நடந்துகொள்ளத் தொடங்கிவிடும். விலங்கை விலங்காகவே விட்டுவைத்த நல்ல விதி.

2020 புத்தகத்திலும் அப்படி ஒரு வரி இருக்கிறது. எஜமானர் செயலிழந்து விழுந்துவிட்டால், கட்டளைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. என்ன செய்வது என்பதை விலங்கே தீர்மானித்துக்கொள்ளலாம். அத்தனை நேரமும் சொன்னதை மட்டும் செய்துகொண்டிருந்த ஓநாய், தன் மனிதர் தரையில் கிடக்கும்போதுதான் முதன்முறையாகத் தானாக முடிவெடுக்கிறது. மேசையைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்தும் தருணம் அது.

வீட்டு மேசைக்கு நான்கு யோசனைகள்

பிள்ளைகள் இந்த விளையாட்டை ஆடும் வீடாக இருந்தால், எந்தப் பதிப்பை ஆடினாலும் இந்த நான்கும் உதவும்.

முதலிலேயே பேசிவிடுங்கள். கதை தொடங்கும் முன்பே, “இந்தக் கதையில் செல்லப்பிராணி சாகலாமா, கூடாதா?” என்று எல்லாரையும் கேட்டுவிடுவது நல்லது. வேண்டாம் என்று ஒரே ஒரு குழந்தை சொன்னாலும், வேண்டாம்தான். அடிபட்ட விலங்கு நொண்டிக்கொண்டு ஓடி ஒளிந்தது என்று கதையை மாற்றிக்கொள்ளலாம்.

பயத்தை எண்ணாக மட்டும் சொல்லாதீர்கள். ‘பகடை தோற்றுவிட்டது, நாய் வராது’ என்பதைவிட, ‘முடி சிலிர்த்துக்கொண்டு உன் காலோடு ஒட்டி நிற்கிறது’ என்று கதை நடத்துபவர் சொன்னால், குழந்தைக்குக் கோபம் வராது. அடுத்து என்ன செய்யலாம் என்ற யோசனை வரும்.

எப்போதும் மறுக்க விடாதீர்கள். ஒவ்வொரு சண்டையிலும் நாய் பயந்து ஓடினால், அதை வளர்க்கிற பிள்ளைக்கு விளையாட்டில் பங்கே இருக்காது. மனிதத் திருடர்களையும் காட்டுப்பன்றிகளையும் அது தைரியமாக எதிர்க்கட்டும். இந்த உலகத்துக்கு ஒவ்வாத ஒன்று வரும்போது மட்டும் தயங்கட்டும். அப்போதுதான் அந்தத் தயக்கத்துக்கு அர்த்தம் இருக்கும்.

பழக்கினால் பலன் கொடுங்கள். கதையில் ஒரு வாரம் ஒதுக்கி, எலும்புக்கூட்டு வாடைக்கு நாயைப் பழக்கினேன் என்று பிள்ளை சொன்னால், அடுத்த முறை அந்த உழைப்பு பலிக்க வேண்டும். நிஜ நாயையும் பட்டாசுச் சத்தத்துக்கு அப்படித்தானே கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குகிறோம்?

மறுபடியும் அந்தக் கடைசிப் படி

நிலவறை வாசலில் நிற்கும் நாயை விட்டுவிட்டு வந்துவிட்டோம். அந்த எஜமானிக்கு ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. மூன்றரையாம் பதிப்பில், தெரிந்த வித்தையைச் செய்யவைக்க 10 எடுத்தால் போதும். தெரியாததைச் செய்யும்படி நெருக்க வேண்டுமென்றால் 25 எடுக்க வேண்டும். நாய் காயம்பட்டிருந்தால் இன்னும் 2 கூடும். முந்தின நாள் காயம் ஆறவில்லை. ஆக 27. இருபது முகப் பகடையில் நல்ல எண் விழுந்து, அவளுடைய திறமையும் சேர்ந்தால், அந்த நாயை அவள் பிணத்தின் மேல் பாயவைத்துவிடலாம்.

பகடையைக் கையில் எடுக்கிறாள். உருட்டாமல் கீழே வைக்கிறாள்.

“என் பின்னால வா” என்று மட்டும் சொல்கிறாள். அது நாய்க்குத் தெரிந்த வித்தை. நாய் அவளுக்குப் பின்னால் போய் நிற்கிறது. அவள் வாளை உருவிக்கொண்டு இறங்குகிறாள்.

சண்டையில் அவளுக்கு அன்று நேரம் சரியில்லை. இரண்டு முறை வாள் தவறுகிறது. இருட்டிலிருந்து இன்னும் இரண்டு பிணங்கள் வருகின்றன. மூன்றாவது சுற்றில் அவள் விழுந்துவிடுகிறாள். தோழர்கள் தூரத்தில் இருக்கிறார்கள்.

நாய்க்கு ‘எஜமானைக் காப்பாற்று’ என்ற வித்தையும் தெரியும். அதற்குக் கட்டளைகூடத் தேவையில்லை என்கிறது புத்தகம். ஆனால், பிணத்தோடு சண்டை போட அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லையே! இரண்டில் எது ஜெயிக்கும்? கதை நடத்துபவர் புத்தகத்தைப் புரட்டுகிறார். அந்த இடத்துக்கு நேரடியான பதில் அதில் இல்லை. புத்தகத்தை மூடிவிட்டு அவளைப் பார்க்கிறார்.

“உன் நாயைப் பத்தி என்னைவிட உனக்குத்தான் தெரியும். நீ சொல்லு... அது என்ன பண்ணும்?”

அவள் தாளைப் பார்க்கிறாள். மேலே நாயின் பெயர். கீழே வரிசையாக வித்தைகள். நாலைந்து மாதமாக எழுதி எழுதி அழித்ததில் தாள் நைந்துபோயிருக்கிறது.

“அதுக்குப் பயம்தான்” என்கிறாள். “ஆனா, ஒரு படி கீழ இறங்கும்.”